நான்கில் ஒன்று உறங்கினால்

மோட்டார்க் காரின் எஞ்சின் சீராக ஓடும்போது அதனை எவரும் கவனிப்பதில்லை. அது தடுமாறத் தொடங்கியதும் வீட்டிலுள்ளோர் அனைவரும் வைத்தியராகிவிடுகின்றனர். "பிளக்கை மாற்று" என்பார் ஒருவர். "காபரேற்றரைக் கழற்று" என்பார் மற்றொருவர். அயல்வீட்டார் வேலிக்கு அப்பால் நின்று, "பெற்றோலில் தண்ணீர் கலந்துவிட்டது" என்று தீர்ப்புக் கூறுவார். ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு விலையுண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் காரின் சொந்தக்காரர்.

வலிகாமத்துத் தாயொருவர் எமக்கு எழுதிய கடிதமே இவ்வாரப் பேச்சுக்குக் காரணம். அவர் வீட்டில் மாமனார் காலத்து மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. மாமனாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்கும், மழை நாளிற் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதற்கும் அதுவே துணை. சில மாதங்களாக எஞ்சின் நடுங்குகின்றது; ஏற்றத்தில் இழுவை இல்லை. பிளக்குகளை மாற்றினார்கள், கொயிலை மாற்றினார்கள், காபரேற்றரையும் பழுது பார்த்தார்கள். நடுக்கம் நிற்கவில்லை. இப்பொழுது, "எஞ்சினை இறக்கி முற்றாகப் புதுப்பிக்க வேண்டும்" என்று ஒரு கராஜிற் சொல்லியிருக்கின்றனராம். "அதற்காக நகையை அடைவு வைப்பதா, அல்லது காரை வந்த விலைக்கு விற்பதா?" என்பது அம்மையாரின் வினா.

இரண்டுக்கும் முன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. எஞ்சினிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்பதே அது. அதற்குச் செலவாவது ஒரு பிற்பகற்பொழுது மட்டுமே.

நால்வர் காவும் பல்லக்கு

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே பின்னாளில் 'மினி' காரையும் படைத்தவர். 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர் கார்கள் செய்யப்பட்டன. 1952 முதல் அதற்குப் பொருத்தப்பட்ட 'ஏ' வரிசை எஞ்சின், முதலில் 803 கன சென்ரிமீற்றராகவும், 1956இல் 948 ஆகவும், 1962இல் 1,098 ஆகவும் வளர்ந்தது. ஒஸ்ரின் ஏ30, ஏ35 ஆகிய கார்களிலும் இக்குடும்பத்து எஞ்சினே உண்டு. ஆகவே ஈண்டு மைனரைக் குறித்துச் சொல்வன அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இவ்வெஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உள. எஞ்சினின் தண்டு இருமுறை சுழலுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடித்துத் தள்ளும். அஃதாவது, ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு தள்ளு. நிமிடத்துக்கு 800 சுற்று வீதம் கார் நின்றபடி ஓடுமாயின், நிமிடமொன்றில் 1,600 வெடிப்புகள் நிகழும். அவற்றின் முறை 1, 3, 4, 2 என்பது. றேடியேற்றருக்கு அண்மையிலுள்ளதே முதலாம் சிலிண்டர்.

நால்வர் தோள்கொடுத்துக் காவும் பல்லக்கில் ஒருவர் தோளை விலக்கிக்கொண்டால் என்ன நிகழும்? பல்லக்கு விழாது; ஆனால் அடிக்கு அடி சரியும். மற்றை மூவரும் விரைவிற் களைப்பர். ஒரு சிலிண்டர் உறங்கிய எஞ்சினின் நிலையும் இதுவே. எனவே முதல் வினா "எதை மாற்றுவது?" என்பதன்று. "நால்வருள் உறங்குபவர் யார்?" என்பதே முதல் வினா.

கைக்கு முன் காது

கருவிகளைத் தொடுமுன் எஞ்சினைச் சிறிது நேரம் கேட்க வேண்டும். தடுமாற்றம் குளிர்ந்த நிலையில் மட்டுமா, சூடேறிய பின்னரா? நின்றபடி ஓடும்போதா, ஏற்றத்திற் பாரம் இழுக்கும்போதா? மழை நாளில் மட்டுமா? இவற்றின் விடையை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுதல் நன்று.

பின்னர்ச் சைலன்சர் குழாயின் பின்புறம் சென்று கேட்க. 'புட், புட், புட்' என்று வரும் ஒலியில் ஒழுங்கான இடைவெளியில் ஒன்று குறையுமானால், குற்றம் ஒரு குறித்த சிலிண்டருக்கு உரியது. ஒழுங்கின்றி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குறையுமானால், நான்குக்கும் பொதுவான ஒன்றையே ஐயுற வேண்டும்: காபரேற்றர், பெற்றோல் வரும் வழி, பொயின்ற், கொயில் முதலியன. ஒரு துண்டுக் கடதாசியைக் குழாயின் வாய்க்கு அருகே பிடித்துப் பார்க்கலாம். அது எப்போதும் வெளியே தள்ளப்பட வேண்டும். இடையிடையே உள்ளே இழுக்கப்பட்டுக் குழாயில் ஒட்டுமாயின், புகை போக்கும் வால்வு ஒன்று எரிந்து மூடாமல் இருத்தல் கூடும்.

புகையின் நிறமும் பேசும். கரும்புகை பெற்றோல் மிகுதியைக் காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னரும் ஓயாத வெண்புகை, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குவதைக் காட்டும்.

எச்சரிக்கை சில இவ்விடத்திற் கூறுதல் கடமையாகும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடலாகாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும். சேலைத் தலைப்பு, சால்வை, நீண்ட கூந்தல் என்பன விசிறிக்கு அருகே செல்லலாகாது. சுருட்டும் பீடியும் படலைக்கு வெளியே இருக்கட்டும். மாணவர்கள் இச்சோதனைகளைப் பெரியவர் ஒருவரின் துணையுடனேயே செய்தல் வேண்டும்.

உறங்குபவரைக் காணும் வழி

எஞ்சினை நிறுத்தி, முதலாம் பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் உலோக முனையை எஞ்சினின் இரும்புடன் படும்படி வைத்து, மீண்டும் ஓடவிடுக. வயரிற் பல்லாயிரம் வோல்ற் மின்சாரம் பாய்வதால் ஓடும் எஞ்சினில் வெறுங்கையால் அதனை இழுத்தலாகாது. வயரைக் கழற்றியதும் ஓட்டம் முன்னிலும் மோசமானால், அச்சிலிண்டர் இதுவரை உழைத்துக்கொண்டிருந்தது என்பது தெளிவு. எவ்வித மாற்றமும் இல்லையாயின் அதுவே உறங்குபவர். முன்னரே தோள்கொடாதவரை விலக்கினாற் பல்லக்கு மேலும் சரியாது அன்றோ? இவ்வாறே நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது சிலிண்டரே உறங்குகின்றது என்று கொள்வோம். அதன் பிளக்கை இரண்டாவதிலும், இரண்டாவதன் பிளக்கை மூன்றாவதிலும் பொருத்துக. வேறெதையும் தொடலாகாது. குற்றம் இரண்டாவதற்கு இடம் பெயர்ந்தால் பிளக்கே குற்றவாளி. பெயராவிடின் வயரை அவ்வாறு மாற்றிப் பார்க்க. அதற்கும் பெயராவிடின் குற்றம் சிலிண்டருக்குள்ளோ, அதற்கு வரும் வழியிலோ இருக்கிறது. ஒரே வேளையில் இரண்டை மாற்றினால், கார் திருந்தினாலும் எதனால் திருந்தியது என்பதை அறியமாட்டோம். விஞ்ஞான அறையில் மாணவர் கற்கும் விதியும் இதுவேயாம்.

கழற்றிய பிளக்கின் முனையை உற்று நோக்குக. இளங்கபில நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருப்பின் பெற்றோல் மிகுதி. சோக் முற்றாக உள்ளே திரும்பாமல் சிக்கியிருப்பதாலும் இது நேரும். எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் றிங்குகளோ வால்வு வழிகளோ தேய்ந்துள்ளன. வெளிறிச் சாம்பல் நிறமாயிருப்பின் காற்று மிகுதி, அல்லது மிகுந்த சூடு.

இருளிற் காணும் தீப்பொறி

'காபரேற்றர்க் கோளாறுகளிற் பெரும்பாலானவை மின்சாரக் கோளாறுகளே' என்பது பழைய கராஜ்களில் வழங்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு. வேடிக்கையாயினும் அதில் உண்மை உண்டு. ஆதலால் மின்சாரப் பக்கத்தை முதலிற் பார்த்தல் முறை.

பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம்; அஃதாவது ஏறக்குறைய 0.64 மில்லிமீற்றர். டிஸ்றிபியூற்றருக்குள் இருக்கும் பொயின்ற் முற்றாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.015 அங்குலம், 0.38 மில்லிமீற்றர். பொயின்ற் முகங்கள் கருகிக் குழி விழுந்திருப்பின் கொண்டென்சரை ஐயுறலாம். குளிர்ந்தபோது நன்றாக ஓடி, அரைமணி நேரத்தின் பின் தடுமாறி, ஆறியதும் மீண்டும் ஓடுமாயின் கொயிலோ கொண்டென்சரோ சூட்டிற் சோர்கின்றது. டிஸ்றிபியூற்றரின் நடுத்தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க. அது ஆடுமாயின், பொயின்றை எத்துணை நுட்பமாகச் சரிசெய்தாலும் நான்கு சிலிண்டருக்கும் இடைவெளி நான்கு விதமாகவே அமையும்.

நாம் அறிந்த மைனர் ஒன்று மார்கழி மாதத்து மழைக்கால மாலைகளில் மட்டும் தடுமாறும். மறுநாள் மதிய வெயிலில் ஒன்றும் அறியாததுபோல் ஓடும். கராஜொன்றில் அதன் காபரேற்றரை இருமுறை பிரித்துக் கழுவினர். பயன் விளையவில்லை. ஈரமான ஓரிரவில் விளக்கெல்லாம் அணைத்து, பொனற்றைத் திறந்துவைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. டிஸ்றிபியூற்றர் மூடியின் மேல் மயிரிழை போன்ற வெடிப்பொன்றில் நீலப்பொறி நூலாய் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்குக்குச் செல்லவேண்டிய மின்சாரம், ஈரம் காட்டிய குறுக்கு வழியாற் கசிந்துவிட்டது. மூடி ஒன்று மாற்றியதோடு காரியம் முடிந்தது. பகலிற் பல நாள் தேடியதை இருள் அரை நிமிடத்திற் காட்டிற்று.

மூச்சைச் சோதித்தல்

பிளக்கும் வயரும் மூடியும் நல்லனவாயிருந்தும் ஒரு சிலிண்டர் உறங்குமாயின், அதன் அமுக்கத்தைச் சோதித்தல் வேண்டும். மைனர்க் காரின் முன்புறத்தில் ஹாண்டில் இட்டுச் சுழற்றும் வசதி உண்டு. சாவியைக் கழற்றி, கியரை விலக்கி, கைப்பிறேக்கை இழுத்துவிட்டு, ஹாண்டிலை மெதுவாகச் சுழற்றினால் நான்கு எதிர்ப்புகள் கையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும். அவற்றுள் ஒன்று நழுவுமாயின், அச்சிலிண்டர் மூச்சைப் பிடிப்பதில்லை.

அமுக்கமானி கிடைக்குமாயின் இன்னும் நன்று. எஞ்சினைச் சூடேற்றி, பிளக்குகள் நான்கையும் கழற்றி, அக்சிலறேற்றரை முற்றாக மிதித்து, ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்பதைவிட, நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். பத்திலொரு பங்குக்கு மேல் வேறுபாடு இருப்பின் ஆராய வேண்டும். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்க. அமுக்கம் கூடுமாயின் தேய்ந்தவை றிங்குகள். எண்ணெய் அவற்றின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்தது. கூடாவிடின் ஒழுகுவது வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒருங்கே குறைந்திருப்பின், அவற்றுக்கு இடையே தலைக் கஸ்கெற் எரிந்திருத்தல் கூடும்.

யாழ்ப்பாணத்துக் கார்களுக்கு இவ்விடத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. 1990இன் பின்னர் வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்ட ஆண்டுகளில், இப்பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலாற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரைக் காவின, இடம்பெயர்ந்தோரைக் காவின. அமுக்கம் குறைந்த எஞ்சின்களாதலின் அவற்றால் அது இயன்றது. ஆயினும் முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவி இறங்கும். கீழேயுள்ள எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். அக்காலத்தில் உழைத்து, பின் புதுப்பிக்கப்படாத எஞ்சின் ஒன்றில் றிங்குகளை முதலில் ஐயுறுதல் தவறாகாது.

மௌனமான வால்வு

வால்வுக்கும் அதனை அமுக்கும் நெம்புகோலுக்கும் இடையே, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலம் இடைவெளி வேண்டும், 0.30 மில்லிமீற்றர். வால்வுகளை முன்னிருந்து பின்னாக 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்க. எட்டாவது முற்றாகத் திறந்திருக்கையில் முதலாவதை அளக்க. ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை அளக்க. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. கணக்கில் விருப்பமுள்ள பிள்ளை இதனை ஒருமுறை கேட்டால் மறவாது.

வால்வு சிறிது சத்தமிடுவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். அஞ்சவேண்டியது மௌனமாகிவிட்ட வால்வைக் கண்டே. இடைவெளி அற்றுப்போனால் வால்வு முற்றாக மூடாது. மூடி அமர்ந்திருக்கும் கணத்திலேதான் அது தன் சூட்டை எஞ்சின் தலைக்குக் கொடுத்து ஆறுகின்றது. அமர இடமில்லாத வால்வு எரிந்துபோகும். முற்காலத்துப் பெற்றோலிற் கலந்திருந்த ஈயம் வால்வு அமரும் இடத்துக்குக் காப்பாக இருந்தது. சுகாதாரக் கேட்டை முன்னிட்டு இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. அது நற்செயலே. ஆனால் பழைய இரும்புத் தலை எஞ்சின்களில் வால்வு அமரும் இடம் தேய்ந்து, இடைவெளி சிறுகச் சிறுகக் குறைதல் கூடும். ஆகவே முன்னையினும் அடிக்கடி அளந்து பார்த்தல் நலம்.

கடைசியிற் காபரேற்றர்

மைனரின் எஸ்.யூ. காபரேற்றர் எளிமையானது. காற்றின் இழுவைக்கு ஏற்ப ஒரு பிஸ்ரன் ஏறி இறங்கும். அதனோடு கூரிய ஊசியொன்றும் ஏறி இறங்கிப் பெற்றோலை அளக்கும். எஞ்சினை நிறுத்திப் பிஸ்ரனை உயர்த்தி விடுக. 'டக்' என்ற ஒலியோடு அது தடையின்றி விழ வேண்டும். மேலுள்ள சிறு மூடியைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் காணப்பட வேண்டும். வற்றியிருப்பின் அக்சிலறேற்றரை மிதித்ததும் எஞ்சின் திணறும்.

சூடேறிய எஞ்சின் ஓடும்போது பிஸ்ரனை முப்பத்திரண்டில் ஓர் அங்குலம் மட்டும் உயர்த்திப் பார்க்க. வேகம் கூடி அப்படியே நிற்குமாயின் பெற்றோல் மிகுதி. எஞ்சின் நின்றுபோகுமாயின் பெற்றோல் குறைவு. கணநேரம் சற்றே கூடி அடங்குமாயின் கலவை சரி.

இன்னொரு நுட்பமும் அறிந்திருத்தல் நன்று. 'ஏ' வரிசை எஞ்சினில் 1ஆம், 2ஆம் சிலிண்டர்களுக்குக் கலவை செல்லும் வாயில் ஒன்றே. 3ஆம், 4ஆம் சிலிண்டர்களுக்கும் அவ்வாறே மற்றொன்று. ஆகவே அமுக்கம் நன்றாயிருந்தும் அத்தகைய சோடியொன்று ஒருங்கே சோருமாயின், அவ்வாயிலின் கஸ்கெற்றாற் காற்று நுழைகின்றதா என்று பார்க்க வேண்டும். பொருத்தின் மேல் சில துளி எண்ணெய் விடுக. ஓட்டத்தின் ஒலி மாறுமாயின் ஒழுக்கு அவ்விடத்திலேயே. இதற்குப் பெற்றோலைப் பயன்படுத்தலாகாது. அது தீயை அழைப்பதாகும்.

அடைவுக்கு முன்

இப்பொழுது அம்மையாரின் வினாவுக்கு விடை கூறலாம். அவர் வீட்டில் மூன்று பொருள்கள் மாற்றப்பட்டன. ஒரு சோதனைதானும் செய்யப்பட்டதாகக் கடிதத்திற் காணவில்லை. வயர்ச் சோதனையும் அமுக்கச் சோதனையும் முடியும்வரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும். குற்றம் வால்விலாயின் எஞ்சினின் தலையை மட்டும் கழற்றினாற் போதும். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. நான்கு சிலிண்டரும் அமுக்கம் குன்றி, எண்ணெய் ஊற்றியதும் ஏறுமாயின், கராஜிற் சொல்லியது உண்மையே. அவ்வாறாயின் வேறு எப்பொருளை மாற்றினாலும் பணம் வீணாகும். அந்நிலையிற் புதுப்பிப்பதா, விற்பதா என்று குடும்பத்தார் கூடித் தீர்மானிக்கலாம். கசப்பான விடையாயினும் சோதித்துப் பெற்ற விடை நன்று.

நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் தேடவேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வற்புறுத்துகின்றார். அக்குறளின் எண் 948. மைனர் 1000இன் முதல் எஞ்சினும் 948 கன சென்ரிமீற்றரே. இஃது எதிர்பாரா ஒற்றுமை. எனினும் மாணவர் நினைவில் வைத்திருக்க உதவும்.

இற்றைநாட் கார்களிற் கணிப்பொறி குற்றத்தைத் தானே குறித்துவைக்கிறது. கருவியொன்றை இணைத்தால் இலக்கமாகச் சொல்லிவிடுகிறது. பழைய காருக்கு அந்நாவில்லை. ஆதலின் அதன் நினைவை நாமே எழுதிவைக்க வேண்டும். நாற்பது பக்கக் கொப்பியொன்று போதும். திகதி, ஓடிய தூரம், நான்கு சிலிண்டரின் அமுக்கம், பிளக்கின் நிறம், வால்வு இடைவெளி என்பவற்றைப் பிள்ளைகளைக் கொண்டே ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதுவித்து, காரினுள்ளேயே வைத்துவிடுக. அடுத்த முறை எஞ்சின் நடுங்கும்போது அயல்வீட்டாரின் தீர்ப்புக்கு முன் அக்கொப்பியைத் திறந்து பார்க்கலாம்.